33 வோல்ற்

ஸ்பீக்கர் எரிந்த இரவில் என் வீட்டு முன்னறையில் ஆறுபேர் இருந்தோம். எல்லோரும் உணவகத்தில் என்னோடு வேலை செய்பவர்கள். திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. ஒருவருடைய பிறந்தநாளைச் சாட்டாக வைத்துக் கூடியிருந்தோம். சமையலறையில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான அண்ணை பல நாளாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "தம்பி, உந்தப் பெரிய ஸ்பீக்கருக்கு உந்தச் சின்னப் பெட்டி காணுமே? நல்ல அம்ப் ஒண்டு பூட்டிப் பார், அப்ப தெரியும்." அன்று அவரே தன்னுடைய அம்பிளிபயரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு பக்கத்துக்கு 100 வாற். என்னுடைய பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டினோம். இரண்டு பாட்டு நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவதில் தவில் எழுந்த இடத்தில் இடது பக்க ஸ்பீக்கருக்குள் 'பட், பட்' என்று இரண்டு சத்தம். பிறகு மின்பொறி பறந்த மணம். அதன்பின் அந்தப் பக்கத்திலிருந்து அடித்தொண்டைச் சத்தம் மட்டுமே வந்தது.

அண்ணையில் பிழை சொல்ல முடியாது. பெரிய ஸ்பீக்கருக்குப் பெரிய அம்பிளிபயர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த நியாயந்தான். அந்த நியாயம் இந்த இடத்தில் ஏன் பிழைத்தது என்று தெரிந்துகொள்ளவே, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன பௌதிகத்தை நான் மீண்டும் எடுத்துப் படிக்க வேண்டியிருந்தது. படித்தபோது கிடைத்தது ஒரு வரலாறு. அதில் அகதிகளாகிய எங்களுக்கும் ஒரு சிறு இடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஸ்பீக்கரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அது 'குவாட்' என்ற ஆங்கிலேய நிறுவனம் செய்த நிலைமின் ஸ்பீக்கர். முதன்முதலாகப் பார்க்கும் எவரும் அதை அறையைச் சூடாக்கும் கருவி என்றே நினைப்பார்கள். வெண்கல நிறத்தில் வளைந்த கம்பித் தட்டி, கீழே குட்டைக் கால்கள். உணவகத்துக்குப் பின்தெருவில் வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போகவிருந்த ஒரு முதியவரிடம் வாங்கினேன். அவற்றோடு சின்ன அம்பிளிபயர் ஒன்றையும் சேர்த்துத் தந்து, இவற்றைப் பிரிக்க வேண்டாம் என்று சொன்னார். முதியவர்கள் பொருள்களின் மேல் வைக்கும் பற்று என்று நினைத்துக்கொண்டேன். நான் அவற்றை வாங்கியதற்குப் பாட்டைத் தவிர இன்னொரு காரணமும் இருந்தது. அது ஒரு கசெற். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

*

அம்பிளிபயரும் ஸ்பீக்கரும் தொடக்கத்தில் ஒரே பெட்டிக்குள்தான் இருந்தன. இன்று நாம் அறிந்த, கூம்பு வடிவத் தாளும் காந்தமும் சுருளும் கொண்ட ஸ்பீக்கரை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்ற இருவரும் 1925இல் விளக்கி எழுதினார்கள். அடுத்த வருடம் அது 'றேடியோலா 104' என்ற பெயரில் 250 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. அதற்குள்ளேயே ஒரு வாற் அளவுள்ள அம்பிளிபயர் இருந்தது. செய்தவர்களே இரண்டையும் இணைத்து விற்றபடியால் வாங்குபவர் பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டையும் தனித்தனியாக வாங்கத் தொடங்கியபோதுதான் அந்தக் கவலை பிறந்தது.

வால்வுகளின் காலத்தில் பொருத்தம் என்ற சொல்லுக்குத் தெளிவான பொருள் இருந்தது. வால்வு உயர்ந்த வோல்ற்றளவையும் மிகக் குறைந்த மின்னோட்டத்தையும் தரும். ஸ்பீக்கரின் சுருளுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. ஆகவே இரண்டுக்கும் இடையில் ஒரு ரான்ஸ்போமர் நின்று தரகர் வேலை பார்த்தது. 1947 ஏப்ரல், மே மாதங்களில் பிரித்தானியாவின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் டி.ரி.என். வில்லியம்சன் வெளியிட்ட புகழ்பெற்ற அம்பிளிபயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வால்வுகளுக்கு 10,000 ஓம் தடங்கல் வேண்டும். ஸ்பீக்கரில் இருப்பதோ 15 ஓம். சுற்றுகளின் விகிதம் 26க்கு 1 என்று ரான்ஸ்போமரைச் சுற்றினால் 15 ஓம் வால்வின் கண்ணுக்கு 10,000 ஓமாகத் தெரியும். வில்லியம்சனின் பெட்டி தந்தது 15 வாற். ஆனால் ஒலியைத் திரிக்கும் அளவை ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே கொண்டுவந்தது. 1927இல் ஹரோல்ட் பிளாக் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த பின்னூட்டல் முறையை, அதாவது வெளியே போவதில் ஒரு பங்கைத் திருப்பி எதிராக ஊட்டித் தவறைத் திருத்தும் முறையை, அவர் மிகத் துணிவாகப் பயன்படுத்தியிருந்தார். உலகெங்கும் பலர் அந்தக் கட்டுரையைப் பார்த்து வீட்டிலேயே அம்பிளிபயர் செய்தார்கள்.

இப்போது பீற்றர் வோக்கரிடம் வருவோம். 1916இல் பிறந்த இவர் 1936இல் லண்டனில் ஒரு சிறிய தொழிற்கூடம் தொடங்கினார். கூட்டங்களுக்கும் மண்டபங்களுக்கும் ஒலிபெருக்கிச் சாதனங்கள் செய்வதே வேலை. எங்கள் ஊரில் கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுபவரின் தொழில் என்று வைத்துக்கொள்ளலாம். யுத்தம் வந்தது. தொழிற்கூடம் குண்டுவீச்சுக்கு இலக்கானது. 1941இல் எஞ்சியதை எடுத்துக்கொண்டு லண்டனுக்கு வடக்கேயுள்ள ஹண்டிங்டன் என்ற சிறு பட்டினத்துக்கு இடம்பெயர்ந்தார். அந்த இடம்பெயர்ந்த கொட்டிலிலிருந்துதான் பின்னர் உலகம் முழுவதும் பேசப்பட்ட பொருள்கள் வந்தன. இதை வாசித்தபோது புத்தகத்தைச் சற்று மூடி வைத்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

1953இல் வோக்கரின் 'குவாட் II' வந்தது. வால்வு அம்பிளிபயர், 15 வாற். அது எவ்வளவுக்குப் போதும் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. 1954இல் கில்பேட் பிறிக்ஸ் என்ற ஸ்பீக்கர் தயாரிப்பாளர் லண்டனின் றோயல் பெஸ்ரிவல் ஹோலில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். மேடையில் வாத்தியக்காரர் வாசிப்பதையும், ஒலிப்பதிவையும் மாறிமாறிக் கேட்கவைத்தார். ஏறத்தாழ 3,000 பேர் இருக்கக்கூடிய மண்டபம். பயன்படுத்தப்பட்ட அம்பிளிபயர்கள் வோக்கருடையவை, ஒவ்வொன்றும் 15 வாற். எங்கள் முன்னறையில் ஆறுபேர்; 100 வாற்.

*

வோக்கருக்கு அம்பிளிபயரைவிட ஸ்பீக்கரே பெரிய குறையாகத் தெரிந்தது. பாரமான தாள் கூம்பு, சொன்னவுடன் அசையாது. நில் என்றவுடன் நிற்காது. அதற்குப் பதிலாக, தலைமயிரிலும் பல மடங்கு மெல்லிய பிளாஸ்ரிக் படலம் ஒன்றைத் துளையிட்ட இரண்டு தட்டுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, அதற்கு நிலைமின்னேற்றம் கொடுத்து, தட்டுகளில் ஒலிச்சைகையை ஏற்றினால் படலம் முழுவதும் ஒன்றாக அசையும். இந்த எண்ணம் பழையது. அதை வீட்டில் வைத்துக் கேட்கக்கூடிய பொருளாக்கும் வழியை வில்லியம்சனுடன் சேர்ந்து ஆராய்ந்து, 1955இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்'டில் தொடராக எழுதினார். 1957இல் ஸ்பீக்கர் விற்பனைக்கு வந்தது. இரு பக்கமும் தாழ்ந்த சுருதிக்கான தட்டுகள், அவற்றின் படலத்தில் 6,000 வோல்ற். நடுவில் உயர்ந்த சுருதிக்கான தட்டு, அதில் 1,500 வோல்ற். 1985 வரை அதே வடிவில் செய்யப்பட்டது.

மனிதக் குரலை அது தரும் விதத்தைக் கேட்டவர்கள், அதற்கு முன் கேட்டதெல்லாம் சீலைக்குப் பின்னாலிருந்து வந்ததாக உணர்ந்தார்கள். ஆனால் மறைக்காத ஸ்பீக்கர் தனக்கு முன்னால் நிற்கும் எதையும் காப்பாற்றாது. அம்பிளிபயரின் குற்றங்களையும் சேர்த்தே சொல்லிவிடும். இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. ஆய்வுகூட மேசையில் ஒரு தடையைப் பூட்டி அளந்தபோது மிகத் திறமாக இருந்த சில அம்பிளிபயர்கள், இந்த ஸ்பீக்கரைப் பூட்டியதும் நிலைதடுமாறின. காரணம், அம்பிளிபயரின் பார்வையில் இது சுருளல்ல, ஒரு கொள்ளளவி. பின்னூட்டல் கொண்ட அம்பிளிபயருக்குக் கொள்ளளவியைச் சுமையாகக் கொடுத்தால், திருத்துவதற்காகத் திரும்பி வரும் சைகை பிந்தி வந்து, திருத்துவதற்குப் பதிலாகத் தூண்டிவிடும். மேசையில் எடுத்த புள்ளி வேறு, வாழ்க்கைச் சுமையில் எடுக்கும் புள்ளி வேறு.

எங்கள் கலியாணங்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இதற்கு நான்கு போதும்.

முதலாவது, மேற்சொன்ன நிலைத்தன்மை. கொள்ளளவிச் சுமையிலும் அம்பிளிபயர் தடுமாறாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மின்னோட்டம். இந்த ஸ்பீக்கரின் தடங்கல் 16 ஓம் என்று குறிக்கப்பட்டிருந்தாலும், மீடிறன் ஏற ஏற அது இறங்கி, கேள்வியின் மேல் எல்லைக்கு அருகே 2 ஓம் அளவுக்கு வந்துவிடும். அங்கே அம்பிளிபயர் எட்டு மடங்கு மின்னோட்டம் கொடுக்க ஆயத்தமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, அம்பிளிபயரின் சொந்தத் தடங்கல். அது ஒரு ஓம் என்று வைப்போம். எல்லாவற்றையும் வெறும் தடையாகக் கொண்டு எளிய கணக்குப் போட்டால், 16 ஓமில் சைகையின் நூற்றுக்கு 94 பங்கு ஸ்பீக்கருக்குப் போகும். 2 ஓமில் 67 பங்குதான் போகும். இது 3 டெசிபெல் வீழ்ச்சி. தாளத்தின் மினுக்கம் மங்கிவிடும். 'இந்த அம்பிளிபயரின் ஒலி இனிமையானது, மென்மையானது' என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி இந்தக் கணக்குத்தான்.

நான்காவதுதான் என்னை அடித்தது. அது வோல்ற் எல்லை. இந்த ஸ்பீக்கருக்குள் போகக்கூடிய சைகையின் உச்சம் 33 வோல்ற் என்று தயாரிப்பாளர் விதித்திருந்தார். அதைத் தாண்டினால் தட்டுக்கும் படலத்துக்கும் இடையே காற்றே கடத்தியாகிப் பொறி பறக்கும், படலம் துளைபடும். இனிக் கணக்கைப் பாருங்கள். 15 வாற் வால்வு அம்பிளிபயர் 16 ஓமில் தரக்கூடிய உச்சம் ஏறத்தாழ 22 வோல்ற். எல்லைக்குள்ளே நிற்கிறது. 8 ஓமுக்கு 100 வாற் தரும் அம்பிளிபயரின் உச்சமோ 40 வோல்ற். தவில் எழுந்த அந்த நொடியில் நடந்தது இதுதான்.

இவ்வளவுக்கும் நாங்கள் பெற்றது என்ன? 15 வாற்றிலிருந்து 100 வாற்றுக்குப் போனால் கிடைப்பது 8 டெசிபெல். ஒலி இரண்டு மடங்காகக் கேட்பதற்கு ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். ஏழு மடங்கு வாற், காதுக்கு இரண்டு மடங்குகூட இல்லை.

*

அறுபதுகளில் திரான்சிஸ்ரர் வந்தபோது தரகர் வேலை பார்த்த ரான்ஸ்போமர் தேவையற்றுப் போயிற்று. 10,000 ஓமை 15 ஓமுக்குப் பொருத்தும் வேலை முடிந்தது. 'பொருத்தம்' என்ற சொல் மட்டும் மிஞ்சியது. பொருள் இல்லாத சொல்லுக்குள் வியாபாரம் இலகுவாகப் புகுந்துவிடும். கூடிய வாற், கூடிய பாரம், கூடிய விலை என்று அது நிரம்பியது.

வோக்கர் இதில் எப்படி நடந்துகொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. 1967இல் வந்த அவருடைய முதலாவது வீட்டுத் திரான்சிஸ்ரர் பவர் அம்பிளிபயர் 'குவாட் 303'. 45 வாற். அதன் உள்ளே மின்வழங்கியை 67 வோல்ற்றில் கட்டிவைத்தார். சைகை அதன் நடுவிலிருந்து மேலும் கீழுமாக அசையும் என்பதால், ஒரு பக்கத்துக்குப் பாதிதான், 33 வோல்ற்றும் கொஞ்சமும். தன்னுடைய ஸ்பீக்கரின் எல்லை எதுவோ அங்கேயே அம்பிளிபயரும் நின்றுவிடும். முதியவர் எனக்குத் தந்த சின்னப் பெட்டி இந்த 303தான். பிரிக்க வேண்டாம் என்று அவர் சொன்னதன் பொருள் பொறி பறந்த பிறகே எனக்கு விளங்கியது.

1975இல் வந்த 'குவாட் 405' 100 வாற். திறமையான சிறிய அம்பிளிபயர் ஒன்று நுட்பத்தைப் பார்த்துக்கொள்ள, பாரமான வேலையைப் பெரிய திரான்சிஸ்ரர்கள் செய்யும் புதுமுறைக்கு 1978இல் அரசியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. ஆனால் அதைப் பழைய நிலைமின் ஸ்பீக்கரோடு பூட்டுவதானால் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் சிறு சுற்று ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று நிறுவனமே சொன்னது. தன் பொருளின் பலத்தைத் தானே குறைக்கச் சொல்லும் வியாபாரி அரிது.

1978 யூலையில் 'வயர்லெஸ் வேர்ல்ட்'டில் இன்னொரு முக்கியமான கட்டுரை வந்தது. ஜேம்ஸ் மொய்ர் என்ற பொறியியலாளர் வால்வு குவாட் II, 303, 405 ஆகிய மூன்றையும், எது பாடுகிறது என்று கேட்பவர்களுக்குத் தெரியாதபடி மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார். அவற்றுக்கிடையே இருபத்திரண்டு வருட இடைவெளி இருந்தது. வால்வா திரான்சிஸ்ரரா என்று அந்நாட்களில் பெரும் வாதம் நடந்துகொண்டிருந்தது. முடிவு: கேட்டவர்களால் ஒன்றிலிருந்து ஒன்றை நம்பத்தகுந்தவாறு பிரித்தறிய முடியவில்லை. இதை வைத்து எல்லா அம்பிளிபயரும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. மூன்றும் நன்றாகச் செய்யப்பட்டவை. மூன்றும் தத்தம் எல்லைக்குள் வேலை செய்தன. எல்லைக்குள் நிற்கும் நல்ல அம்பிளிபயருக்குச் சொந்தக் குரல் கிடையாது என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. வேறுபாடு எல்லையில்தான் பிறக்கிறது. ஆகவே பொருத்தம் பார்ப்பது என்பது இரண்டு பலங்களைச் சேர்ப்பதல்ல. மெல்லியது எங்கே கிழியும் என்று முதலில் அறிந்து, வலியது அதற்கு முன்னரே நிற்குமா என்று பார்ப்பது.

வோக்கர் இன்னொரு ஸ்பீக்கரும் செய்தார். 1963இல் தொடங்கிய வேலை 1981இல்தான் முடிந்தது. தொடங்கிய வருடத்தையே பெயரில் வைத்தார், 'ஈ.எஸ்.எல். 63' என்று. இதற்குள் உலகத்தில் பெரிய அம்பிளிபயர்கள் மலிந்துவிட்டன. ஆகவே புதிய ஸ்பீக்கருக்குள் ஒரு காவல் வைத்தார். பொறி பறக்கத் தொடங்கினால் அதை உணர்ந்து தன் வாசலைத் தானே குறுக்குச்சுற்றாக்கிச் சைகையை நிறுத்திவிடும். பழைய ஸ்பீக்கருக்கு அந்தத் தற்காப்பு இல்லை. அது பூட்டுபவரின் அறிவை நம்பியிருந்தது.

*

என் ஸ்பீக்கரின் நடுத்தட்டை இங்கே இவற்றைத் திருத்தும் ஒருவரிடம் கொடுத்து மாற்றினேன். அண்ணை தானாகவே செலவில் பாதியைத் தந்தார். "எனக்கென்ன தெரியும் தம்பி, நான் பலத்தைத்தான் பாத்தன்" என்றார். 303ஐத் திரும்பவும் பூட்டினேன். பிறகு அந்தக் கசெற்றைப் போட்டேன்.

1990 ஆனியில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். அந்த வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தை டயோட்டுகளுக்கூடாக எடுத்து றேடியோவும் ரேப் ரெக்கோடரும் இயக்கினோம். இதை வாசிக்கும் பலரும் சுற்றியிருப்பீர்கள். சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற். நான்கு பற்றரி போடும் ரேப் ரெக்கோடருக்கும் 6 வோல்ற். பொருத்தம் சரி. ஆனால் டைனமோவுக்குக் காவல் எதுவும் இல்லை. வேகமாகச் சுற்றினால் வோல்ற் ஏறிவிடும். செற் எரிந்தால் வேறு செற்றுக்கு எங்கே போவது?

1994இல் அம்மம்மா லண்டனிலிருந்த மாமாவுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி அனுப்பினார். கொழும்புக்குப் போன யாரோ கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. அம்மம்மா இப்போது இல்லை. நான் இங்கே வந்தபின் மாமா அந்தக் கசெற்றை என்னிடம் தந்தார். சின்ன செற்றில் பலமுறை கேட்டிருக்கிறேன். அம்மம்மாவின் குரல் சில இடங்களில் இழுபட்டும் சில இடங்களில் விரைந்தும் வரும். பழைய கசெற், நாடா நைந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

அன்றிரவு மெல்லிய சத்தத்தில், ஒரு வாற்கூட வேண்டியிராத அளவில், கேட்டேன். குரலுக்குப் பின்னால் சைக்கிள் சங்கிலி ஓடும் சத்தம் இருந்தது. சங்கிலி தளரும்போது மோட்டரும் தளர, பதிவில் குரல் மாறியிருக்கிறது. நாடா நையவில்லை. சுற்றிய கை களைத்திருக்கிறது. அண்ணாவும் நானும் மாறிமாறிச் சுற்றியது ஞாபகம் இருக்கிறது. அந்த இடத்தில் யாருடைய கை என்று தெரியவில்லை.

கசெற்றின் நடுவில் ஓர் இடத்தில் அம்மம்மா பேச்சை நிறுத்துகிறார். சின்ன செற்றில் அது வெறும் இடைவெளி. இப்போது அந்த இடைவெளிக்குள் ஒரு குரல் கேட்டது. முகத்தை மைக்கிலிருந்து திருப்பிக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொல்கிறார்: "மெல்லமாச் சுத்து மோனை, செற் எரிஞ்சுபோம்."

பிறகு திரும்பி, மாமாவிடம் அங்கே குளிர் எப்படி என்று விசாரிக்கிறார்.